ஏரியின் நீர்த்தாவரங்களை முறையாகப் பதிவு செய்வது எவ்வாறு?

கேள்வி: பாலாற்றுக்கரை

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பாசன ஏரியின் தாவரங்களைப் பதிவு செய்யும் முயற்சியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஈடுபட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் இந்த ஏரியில் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் சித்திரை வரை நீர் நிற்கும். மற்ற ஆண்டுகளில் பங்குனியிலேயே தரை தெரிந்துவிடும். வரும் கோடையில் தூர்வாரும் பணி நடக்கக்கூடும் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. அதற்கு முன் இந்த ஏரியில் என்னென்ன வளர்ந்தன, எங்கே வளர்ந்தன என்பதற்கு நம்பத்தக்க பதிவு ஒன்று இருந்தாக வேண்டும் என்று விரும்புகிறோம்.

இதுவரை கரையோரமாக நடந்து கண்ணில் பட்டவற்றை எழுதி வைத்திருக்கிறோம். சம்பு, கோரை, நீர்முள்ளி, வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, அல்லி, தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் அல்லி ஒரு மூலையில் நான்கைந்து இலைகளாக இருந்தாலும், ஏரியில் பாதியை மூடியிருந்தாலும் பட்டியலில் அதற்கு ஒரே வரிதான். இப்படிப்பட்ட பட்டியலை ஐந்து ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு என்ன தெரியவரும் என்ற ஐயம் எங்களுக்கு எழுந்துள்ளது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீருக்குள் மூழ்கி வளர்பவை அனைத்தையும் ஊரில் பாசி என்றே சொல்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தால் அவற்றுள் பல வகைகள் இருப்பது தெரிகிறது; எது எது என்று பிரித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. எங்களிடம் படகும் கிடையாது. எந்த மாதத்தில் தொடங்குவது, அளவை எப்படிக் குறிப்பது, மாதிரிகளை எப்படிப் பாதுகாப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

தங்கள் ஐயம் மிகச் சரியானது. பட்டியல் தேவைதான், ஆனால் அது தொடக்கம் மட்டுமே. ஒரு செடி எந்த ஆழத்தில், எந்த நாளில், எவ்வளவு தேடியபின் கிடைத்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது பதிவாகும். அந்த மூன்றும் இருந்தால் தங்களை அறியாத ஒருவர் பிற்காலத்தில் அதே இடத்திற்கு வந்து, அதே முறையில் தேடி, எது கூடியிருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்று துணிந்து சொல்ல முடியும்.

முதலில் ஏரியின் வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தை அச்சிட்டுக்கொண்டாலும் போதும். அதில் கரை, மதகுகள், மிகுநீர் வழிந்தோடும் கலங்கல், வரத்துக்கால் வந்து சேரும் இடம் ஆகியவற்றைக் குறித்த பின்பு, நீரோரத்திலிருந்து ஏரியின் உட்புறம் நோக்கிச் செல்லும் நேர்க்கோடுகளைத் தேர்ந்தெடுங்கள். தாவரங்கள் செழித்திருக்கும் இடங்களாகப் பார்த்துக் கோடு போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நீரோரத்தைச் சம இடைவெளியாகப் பிரித்து, அந்தந்த இடத்தில் என்ன இருந்தாலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். வரத்துக்கால் முகத்தில் ஒரு கோடும், மதகை ஒட்டிய ஆழமான பகுதியில் ஒரு கோடும் கட்டாயம் அமையட்டும். ஏனெனில் வண்டலும் சத்தும் வந்து சேரும் மேற்புறத்திலும் நீர் தேங்கி நிற்கும் கரைப்புறத்திலும் வளர்பவை பெரும்பாலும் வேறுபடும்.

ஒவ்வொரு கோட்டிலும் நீரின் ஆழம் கால் மீட்டர் கூடும் இடந்தோறும் நின்று பதிவு செய்யுங்கள். நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை. ஆழம் சிறிதளவு மாறினாலே தாவரங்கள் மாறிவிடும். ஈரக்கரையில் பொடுதலையும் நீர்ப்பிரமியும், கணுக்கால் ஆழத்தில் கோரையும் ஆரையும், முழங்கால் ஆழத்தில் சம்பும் நீர்முள்ளியும், இடுப்பளவில் அல்லியும், அதற்கும் அப்பால் முழுதும் மூழ்கி வளர்பவையும் என்று பொதுவாக ஒரு வரிசை தென்படும். தங்கள் ஏரியில் அந்த வரிசை எங்கே பிறழ்கிறது என்பதைக் கவனித்து எழுதினால் அதுவே முக்கியமான செய்தியாகும்.

ஆழத்தைக் குறிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மதகு திறந்திருக்கும் காலத்தில் ஏரியின் நீர்மட்டம் வாரத்திற்கு வாரம் இறங்கும். தை மாதத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் நின்ற செடி மாசியில் அரை மீட்டரில் நிற்கும். செடி இடம் மாறவில்லை, நீர்தான் இறங்கியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கலங்கலின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அளந்து தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். கலங்கல் அசையாத கட்டுமானம் என்பதால், எந்த ஆண்டின் பதிவையும் அதைக் கொண்டு ஒப்பிட்டுவிடலாம். தூர்வாரிய பின் தரையின் உயரம் மாறினாலும் இந்த அளவு பயன்படும்.

படகு இல்லாத குறையைப் பாதாளக்கரண்டி ஓரளவு தீர்க்கும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் அதே கொக்கிக் கொத்துதான். அது கிடைக்காவிட்டால் தோட்டத்து வாருகோல்கள் இரண்டின் தலைகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் பிணைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து வீசி, தரையைத் தொடும் வரை காத்திருந்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். வீச்சின் தொலைவும் ஓரிடத்தில் வீசும் எண்ணிக்கையும் எல்லா இடங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். வெறுமனே வந்த வீச்சையும் தவறாமல் எழுதுங்கள். தாளில் ஒன்றுமே எழுதப்படாவிட்டால், அங்கே தேடவில்லையா, தேடியும் கிடைக்கவில்லையா என்பது பின்னால் வருபவருக்கு விளங்காது.

அளவைக் குறிப்பதற்கு மிகுதி, நடுத்தரம், அரிது போன்ற சொற்களைப் பலர் பயன்படுத்துகின்றனர். ஒருவர் மிகுதி என்பதை இன்னொருவர் நடுத்தரம் என்பார். அதனால் நான் எண்ணிக்கையையே பரிந்துரைப்பேன். எடுத்துக்காட்டாக, மொத்தம் 40 இடங்களில் தேடியதில் 12 இடங்களில் ஒரு செடி இருந்தது என்று எழுதினால், யார் எழுதினாலும் அதன் பொருள் ஒன்றே. நீர்மேல் படர்பவற்றுக்கு மட்டும், ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை மிதக்கவிட்டு, அதில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று மதிப்பிடலாம். மிதக்கும் குழாய்களை இணைத்தால் சட்டம் தயார்.

நீரின் தெளிவையும் உடன் அளந்துவிடுங்கள். 1865 ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி வகுத்த முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 20 செ.மீ. விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாகக் கால் வட்டங்கள் தீட்டிய தட்டைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். மூழ்கி வளரும் செடிகள் எந்த ஆழம் வரை இருக்கும் என்பதை ஒளிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நீர் கலங்கிப் பச்சையாகிவிட்ட ஏரியில் அவை முதலில் ஆழமான பகுதிகளிலிருந்து மறையத் தொடங்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, மழை ஓய்ந்து நீரின் கலக்கம் தெளிந்த தை, மாசி மாதங்கள் மிக நல்லவை. அப்போது பெரும்பாலானவை பூக்கும் நிலையில் இருக்கும்.

பதில்: உலர்தாள்

மேலே ஐயா முறையை விரிவாகச் சொல்லிவிட்டார். பிரித்தறிவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

நீருக்குள் வளர்பவற்றை வெளியே எடுத்தவுடன் கையிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். வெள்ளை நிறத் தட்டில் ஏரி நீரை ஊற்றி அதில் மிதக்கவிட்டால்தான் இலைகள் விரிந்து தம் அமைப்பைக் காட்டும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று அவசியம் தேவை.

ஹைட்ரில்லாவில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று முதல் எட்டு இலைகள் வரை வட்டமாக அமைந்திருக்கும். இலை விளிம்பின் பற்கள் வில்லை இல்லாமலேயே தெரியும், விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். செரட்டோபில்லமும் வட்ட அடுக்குடையதுதான், ஆனால் அதன் ஒவ்வோர் இலையும் ஒன்றிரண்டு முறை கவைபோல் பிளந்திருக்கும், செடிக்கு வேரே கிடையாது. நஜாஸ் செடியில் இலைகள் எதிரெதிராக இருப்பதுபோல் தோன்றும். இலையின் அடிப்பகுதி அகன்று தண்டைத் தழுவி நிற்கும். அந்தத் தழுவும் பகுதியின் வடிவமும் விதையின் மேல்தோலும்தான் நஜாஸ் இனங்களைப் பிரித்துக் காட்டுபவை. ஆகவே காய் உள்ள கிளை கிடைக்கும் வரை, நஜாஸ் என்று பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதிவு.

நாடா போன்ற நீண்ட இலைகள் அடியிலிருந்தே கொத்தாக எழுந்தால் வாலிஸ்னேரியாவாக இருக்கலாம். பெண் பூவின் காம்பு காய்க்கும் காலத்தில் சுருள்வில் போலச் சுருண்டுகொள்வதைப் பார்த்து உறுதி செய்யலாம். நுண்ணிய இலைக்கூறுகளின் இடையே சிறு பைகள் தென்பட்டால் அது யூட்ரிகுலேரியா. அந்தப் பைகள் நீரில் உள்ள நுண்ணுயிர்களைப் பிடித்துச் செரிப்பவை. மஞ்சள் பூ நீருக்கு மேலே எழும்பி நிற்கும்போது அதைக் கண்டுகொள்வது எளிது. கையில் நெரித்தால் மொறுமொறுப்பாக நொறுங்கி, பூண்டின் வாடையை ஒத்த நாற்றம் வீசினால் அது காரா. உண்மையில் அது பூக்கும் தாவரமன்று. பச்சைப்பாசியினத்தைச் சேர்ந்தது, உடலில் சுண்ணாம்பு படிந்திருப்பதால் அந்த மொறுமொறுப்பு. அதன் உறவினமான நிட்டெல்லா மெலிதாகவும் மென்மையாகவும் இருக்கும். பூக்காதவை என்பதற்காக இவற்றை விட்டுவிடாதீர்கள். இவை கூடுதலாக இருப்பது நீர் தெளிவாக இருப்பதைக் காட்டும் குறிகளுள் ஒன்று.

அல்லியையும் ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். நிம்பேயா பியூபசென்ஸ் இனத்தின் இலை விளிம்பு கூரிய பற்களுடனும் அடிப்புறம் மயிரடர்ந்தும் இருக்கும். இரவில் மலர்ந்து காலையில் வெயில் ஏறியதும் கூம்பிவிடும். நிம்பேயா நௌச்சாலி இனத்தின் இலை அடிப்புறம் வழுவழுப்பானது, மலர்வது பகலில். பூவின் நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிடக் கூடாது. நௌச்சாலியில் நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு. இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய அல்லி போலத் தோன்றி, இலைக்குச் சற்றுக் கீழே காம்பிலிருந்தே வெள்ளைப் பூக்கள் கொத்தாகக் கிளம்பினால் அது அல்லியே அன்று, நிம்ஃபாய்டஸ்.

பொன்னாங்கண்ணியிலும் இதே கவனம் வேண்டும். பூங்கொத்து இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருந்தால் நம் கீரை; நீண்ட காம்பின் நுனியில் இருந்து, தண்டும் உள்ளீடற்றதாக இருந்தால் தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய அல்டர்னாந்திரா பிலாக்சிராய்டஸ். அது இருக்குமிடத்தைத் துல்லியமாகக் குறித்துவிடுங்கள். தண்டுத் துண்டிலிருந்தே முளைப்பதால், தூர்வாரும் இயந்திரங்கள் அதை ஏரி முழுதும் பரப்பிவிடக்கூடும்.

மாதிரியை உலர்த்தும் முறை பின்வருமாறு. தட்டிலுள்ள நீரில் செடி மிதக்கும்போதே கெட்டித்தாளை அதன் அடியில் செலுத்தி, கிளைகளைத் தூரிகையால் பிரித்துவிட்டு, தாளைச் சாய்வாக மெல்ல உயர்த்தினால் நீர் வடிந்து செடி தாளில் விரிந்து படியும். மேலே மெல்லிய துணியைப் போர்த்தி, செய்தித்தாள்களுக்கு இடையே வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். துணி இல்லாவிட்டால் செடி செய்தித்தாளில் ஒட்டிக் கிழியும். முதல் வாரம் செய்தித்தாளை நாள்தோறும் மாற்றுங்கள். உலர்ந்த பின் நிறமும் மணமும் போய்விடும் என்பதால் அவற்றை ஏரிக்கரையிலேயே எழுதிவிட வேண்டும். இடம், அமைவிட எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை), நாள், ஆழம், சேகரித்தவரின் வரிசை எண் ஆகியவை இல்லாத மாதிரியால் யாருக்கும் பயனில்லை.

ஐயம் உள்ளவற்றைத் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967 முதல் இயங்கிவரும், உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேமிக்கும் ராபினாட் உலர்தாவரகத்திலோ, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுச் செல்லுங்கள். நூலைக் கொண்டு அடையாளம் காண விரும்பினால், இந்திய நீர்த்தாவரங்களைப் பற்றி சி. டி. கே. குக் எழுதி 1996 இல் வெளிவந்த நூலின் திறவுகோல்கள் (செடியின் பண்புகளைப் படிப்படியாகப் பார்த்துப் பெயரைக் கண்டறியும் அட்டவணைகள்) மிகவும் உதவும்.

பதில்: கலங்கல்

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஊர்ப்பெயர்களையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். சொன்னவரின் ஊரையும் தொழிலையும் உடன் குறியுங்கள். வலையில் சிக்கும் செடிகளை நாள்தோறும் பிரித்தெறியும் மீன்பிடிப்பவர்களுக்கும், கீரை பறிக்கும் பெண்களுக்கும், எந்தச் செடி எந்தப் பகுதியில் எந்த மாதத்தில் வரும் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஆகாயத்தாமரை என்று ஓர் ஊரில் ஊதாப்பூ பூக்கும் செடியைச் சொல்கிறார்கள், இன்னோர் ஊரில் நீரில் மிதக்கும் வேறொரு செடியான பிஸ்டியாவைச் சொல்கிறார்கள். அறிவியல் பெயர்களும் மாறக்கூடியவையே. ஐக்கார்னியா என்று நாம் படித்த அந்த ஊதாப்பூச் செடியை 2018 இல் பான்டிடீரியா பேரினத்தில் சேர்த்தார்கள். பழைய பெயரையும் உடன் எழுதி வைத்தால் குழப்பம் நேராது.

மற்றது பாதுகாப்பைப் பற்றியது. வண்டல் எடுத்த குழிகள் நீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்பது மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆளுயரக் குழி இருக்கலாம். மிதவைச் சட்டை அணியாமல் யாரும் இறங்க வேண்டாம், ஒருவர் எப்போதும் கரையில் கயிற்றுடன் நிற்கட்டும். கையில் நீண்ட மூங்கில் கழி இருந்தால், காலை வைப்பதற்கு முன் தரையைத் தொட்டுப் பார்க்கலாம், ஆழத்தையும் அளந்துவிடலாம். கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருந்தால் அந்தப் பகுதியைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தங்கள் மாவட்டத்து வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற சரணாலய ஏரிகளில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வியாளர்: பாலாற்றுக்கரை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. கலங்கலின் விளிம்பை அடிப்படையாகக் கொள்ளும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதை உடனே தொடங்குகிறோம். மீன் குத்தகை எடுத்தவர் பரிசல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி. நீர் வற்றிய பின் பதிவை நிறுத்திவிடலாமா? வைகாசியில் ஏரித்தரை முழுதும் வெடித்துக் கிடக்கும். அங்கே முளைப்பவற்றை நீர்த்தாவரங்கள் என்று கொள்வதா, களைகள் என்று விட்டுவிடுவதா?

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

நிறுத்தவே கூடாது. நம் ஏரிகளின் இயல்பே நிறைவதும் வற்றுவதும்தான். ஆண்டு முழுதும் நீர் நிற்கும் குளிர்நாட்டு ஏரிகளுக்கு வகுத்த முறைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் தாவரங்களில் பெரும் பகுதி விடுபட்டுப் போகும். நீர் இறங்க இறங்க, ஈரம் காயாத வண்டலில் செருப்படை, தேள்கொடுக்கு, மாசிபத்திரி, கிளைனஸ் லோட்டாய்டஸ், சிறு கோரைகள் எனத் தனியொரு கூட்டம் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, அடுத்த மழைக்குள் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். அவற்றையும் அதே கோடுகளில், அதே இடங்களில் நின்று பதிவு செய்யுங்கள். நீர் இறங்கிய நாளை ஒவ்வோர் இடத்துக்கும் குறித்து வைத்திருந்தால், தரை வெளிப்பட்டு எத்தனை நாளில் எது முளைக்கிறது என்பதும் தெரியவரும்.

தூர்வாருவதற்கு முன் செய்யவேண்டிய இன்றியமையாத வேலை ஒன்று உண்டு. வெடித்துக் கிடக்கும் அந்த மேல்மண்ணில்தான் அல்லியின் கிழங்கு, ஹைட்ரில்லாவின் சிறுமுகிழ்கள், காராவின் வித்துகள், பல ஆண்டுகள் வறட்சியைத் தாங்கும் ஆரையின் வித்துறைகள் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. வண்டலை முழுதும் வழித்தெடுத்து வயலுக்கு அனுப்பினால் அவையும் உடன் சென்றுவிடும். வயலுக்கு வண்டல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஏரியின் எந்தப் பகுதியில் வித்துகள் செறிந்துள்ளன என்று காட்ட முடிந்தால், அந்தப் பகுதியின் மேல்மண்ணையேனும் தொடாமல் விடும்படி ஊராரிடமும் நீர்வளத்துறையினரிடமும் சான்றுடன் கேட்க முடியும்.

அதைக் கண்டறிய வீட்டிலேயே வழியுண்டு. ஒவ்வொரு கோட்டிலும் குறித்த இடங்களிலிருந்து மேல்மண்ணை ஐந்து செ.மீ. ஆழம் வரை எடுத்துத் தனித்தனியாகப் பையிலிட்டுப் பெயர் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, கழுவிய மணலின் மேல் மெல்லிய அடுக்காகத் தொட்டிகளில் பரப்பி, ஒன்றை ஈரம் மட்டும் காயாமல் வைத்திருங்கள், மற்றொன்றில் ஒரு சாண் உயரத்திற்குத் தெளிந்த நீரை நிறுத்துங்கள். ஈரத்தொட்டியில் கோரையும் கரைச்செடிகளும் முளைக்கும், நீர்த்தொட்டியில் மூழ்கி வளர்பவை முளைக்கும். முளைத்தவற்றை அடையாளம் தெரியும் வரை வளரவிட்டு, எண்ணியபின் அகற்றுங்கள். இவற்றோடு மண்ணே இடாமல் மணல் மட்டும் பரப்பிய ஈரத்தொட்டி ஒன்றையும் நீர்த்தொட்டி ஒன்றையும் அருகில் வைக்க வேண்டும். காற்றில் வந்து விழும் சம்பின் விதை அங்கேயும் முளைக்கும், அப்படி முளைத்தவற்றை ஏரியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொட்டிகளின் மேல் கொசுவலையைக் கட்டி, இளவெயில் படும் இடத்தில் வைத்துக் குறைந்தது மூன்று மாதங்களாவது பார்த்துவாருங்கள். மண்ணை எடுக்கும் வேலை இயந்திரங்கள் ஏரிக்குள் இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகவே தரை வெளிப்பட்டவுடன் அதைத்தான் முதலில் செய்யுங்கள்.